டிரைவர் அண்ணனின் மூக்கு

டிரைவர் அண்ணன் மீன் வாங்குவதை வேடிக்கை பார்க்கவே ஞாயிற்றுக்கிழமை காலையில் கரங்கான் பாசாரில், சந்தை நடுவே, நாலு பேர் நிற்பார்கள். மாதா கோவிலில் பூசை முடிந்து வரும் நானும் அதில் ஒருத்தி. செவுளைத் தூக்கிப் பார்ப்பார், கண்ணை விரலால் அழுத்திப் பார்ப்பார். அதோடு விட்டால் பரவாயில்லையே! மீனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார். "இது நேத்து ஐஸ்ல கெடந்த மீனு" என்பார். மீன்காரருக்கு மூஞ்சி சிவந்துவிடும். ஆனால் பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

மீன் என்று இல்லை. கடைக்காரர் கலக்கிக் கொடுக்கிற கோப்பியை மோந்துவிட்டுத்தான் வாய் வைப்பார். சம்சாரம் துவைத்துப் போட்ட சட்டையை மோந்து பார்த்து, "வெயில்ல காயல, நெருப்புப் பக்கத்துல காஞ்சிருக்கு" என்பார். அந்த அக்காவுக்கு இழுப்பு நோய். "ஆமா, மழையில எங்க வெயிலு? நீங்க போய்க் கொண்டாங்க" என்று மூச்சு வாங்கிக்கொண்டே திட்டும். எங்கள் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் காதில் விழுந்தாலும் கோபப்பட மாட்டார். யார் வைத்த பெயர் என்று மட்டும் விசாரிப்பார்.

அவர் பக்கத்து வீடு. என் வீட்டுக்காரர் அந்த ரப்பர் தோட்டத்துத் தொழிற்சாலையில் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை. நான் கல்யாணமாகி வந்த புதுசில் ஒருவன் தையல் மிஷின் விற்க வந்தான். பளபளவென்று புது மிஷின். நான் ஆசைப்பட்டுக் கையை வைத்துவிட்டேன். டிரைவர் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "நில்லு தங்கச்சி" என்று வந்தார். மிஷினைக் கவிழ்த்து அடியில் மோந்தார். "பழைய எண்ணெ நாத்தம். மேல மட்டும் புதுப் பெயிண்டு. உள்ள பல்லெல்லாம் தேஞ்சிருக்கும்." என் வீட்டுக்காரர் கழற்றிப் பார்த்தார். அப்படியே இருந்தது. அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு மரியாதை. சொந்த அண்ணன் மாதிரிதான் நினைத்தேன். நினைத்தேனே, அதைச் சொல்லணும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கம்பெனி துரைக்கு ஒரு பெரிய வண்டி கொடுத்தது. துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. வெள்ளைக்காரர்கள் போய், நம் நாட்டுக்காரர் மேனேஜராக வந்து ரொம்ப நாளாகியும் நாங்கள் துரை என்ற வார்த்தையை விடவில்லை. வண்டி பெயர் இங்கே வேண்டாம். சீமையில் செய்தது. காட்டுக்குள்ளும் போகும், கவர்னர் வீட்டு விருந்துக்கும் போகும் என்று சொன்னார்கள். நாலு சக்கரமும் இழுக்கும். உள்ளே தோல் சீட்டு, ஏர்கோன், காலுக்குக் கீழே கம்பளம். எங்கள் வீட்டில் படுக்கக்கூட அவ்வளவு மெத்தென்று ஒன்றும் இல்லை. அதுவரைக்கும் பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் அண்ணனிடம் சாவியைக் கொடுத்தபோது ஊரே கைதட்டியது. அவர் மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். டயரை மோந்தார், சீட்டை மோந்தார், பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டார்.

"என்னண்ணே, எப்படி?" என்று கேட்டேன்.

"ரொம்ப அழகா இருக்குது தங்கச்சி. அதான் நம்ப முடியல."

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கை அந்த வண்டிக்கு அடியில்தான். சாயங்காலம் செம்மண் சேற்றோடு வண்டி வந்து நிற்கும். மேலே கழுவுவது எல்லாரும் செய்வது. இவர் மல்லாக்கப் படுத்துக்கொண்டு அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் ஓஸ் பிடிப்பார், பின்கதவைத் திறந்து சாமான் வைக்கும் இடத்துக் கம்பளத்தின் மேலேயும் ஓஸைத் திருப்புவார். ரேடியேட்டரில் அடைத்துக்கொள்ளும் லாலாங் புல் பஞ்சை ஈர்க்கால் குத்திக் குத்தி எடுப்பார். ஆறு, ஓடை ஏதாவது கடந்து வந்தால் மறுநாளே அச்சு எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பார். பால் கோப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, மொத்தத்தையும் மாற்றணும். ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய பேப்பரை விரித்து வைப்பார். காலையில் அதில் விழுந்த சொட்டுகளைக் குந்தி உட்கார்ந்து பார்ப்பார். இது இன்ஜின் எண்ணெய், இது கியர் எண்ணெய், இது பிரேக் எண்ணெய் என்று ஒவ்வொன்றாக மோந்து சொல்வார். அவர் பேப்பர் படித்தது அந்த வகையில்தான்.

"இவ்வளவு காசு போட்ட வண்டி, இதுக்கு இவ்வளவு சேவகமா?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேலி பண்ணினார்.

"காசு போட்டதுனாலதான் பிட்டர். பழைய ஜீப்பு சத்தம் போட்டு ஒளறிரும், எங்க வலின்னு. இது பணக்கார வீட்டுப் புள்ள. கடைசிவரைக்கும் சிரிச்சிக்கிட்டே இருந்துட்டு ஒருநாள் சாஞ்சிரும்."

கூலிமில் ஒரு சீன முதலாளி, தௌக்கே என்போம், அவன் பட்டறையில்தான் வண்டிக்குப் பெரிய சர்வீஸ். மாற்றுகிற சாமான் பினாங்கிலிருந்து வரணும். தௌக்கே உண்மையாகவே மாற்றுகிறானா, துடைத்துவிட்டு மாற்றினேன் என்கிறானா என்று இவருக்குத் தீராத சந்தேகம். ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, அந்த வெரல் நகத்துல பூசுற செவப்பு இருக்குல்ல, கொஞ்சம் குடு."

"அக்காவுக்கா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"அவளுக்கு எதுக்கு? போல்ட்டுக்கு."

ஒவ்வொரு போல்ட்டின் மேலேயும் ஒரு கோடு. போல்ட்டைத் திருகினால் கோடு விலகிவிடும். பட்டறையிலிருந்து வண்டி வந்ததும் படுத்துப் பார்ப்பார். விலகாத கோட்டைக் கண்டால் தௌக்கே செத்தான். தௌக்கே லேசுப்பட்ட ஆள் இல்லை. விஷயத்தைக் கண்டுபிடித்து அதே சிவப்பில் ஒரு குப்பி வாங்கி, அடுத்த தடவை எல்லாப் போல்ட்டுக்கும் அவனே அழகாகப் பூசி அனுப்பிவிட்டான். டிரைவர் அண்ணன் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தார். என் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தார்.

"இது போன வாரம் இன்னும் மேல இருந்திச்சே?"

"அண்ணே, எனக்கும் வெரல் இருக்குதுலா!" என்றேன். சிரிக்கவே இல்லை மனிதர்.

சரி, இது ஒரு கிறுக்கு என்று விட்டுவிடலாம். விட முடியாமல் போனதற்கு பாலிங்கில் நடந்த ஒரு கல்யாணம் காரணம். துரை பெரிய மனசு பண்ணி, மாப்பிள்ளை பெண்ணை ஏற்றிப்போக வண்டியைக் கொடுத்திருந்தார். மலையிறக்கத்தில் டிரைவர் அண்ணன் நடுரோட்டில் நிறுத்திவிட்டார். "என்னமோ கருகுற வாசம்" என்று மாலையும் கழுத்துமாக இருந்த இரண்டு பேரையும் இறக்கிவிட்டுச் சக்கரம் சக்கரமாக மோந்துகொண்டு போனார். முகூர்த்தம் தப்பிப்போகுது என்று பெண்ணின் அம்மா மண்ணை வாரித் தூற்றாத குறை. கடைசியில் பின்சக்கரத்தில் ஒரு கல், பிரேக்குக்கு நடுவே சிக்கி நெருப்பாய்ச் சுட்டுக்கொண்டிருந்தது. அப்படியே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! அன்றிலிருந்து அவர் ஒரு சந்தேகம் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. துரை உட்பட.

வண்டி வந்த மூன்றாவது மழைக்காலத்திலிருந்து அது படுத்த ஆரம்பித்தது. எல்லாம் பின்பக்கம். பின்விளக்கு எரியாது. ஒயரை மாற்றினால் கொஞ்ச நாளில் மறுபடி பச்சை பூத்துப்போகும். பின்கதவுச் சட்டம் துருப்பிடித்தது. பெட்ரோல் பம்பு நின்றுபோய் துரை நடுக்காட்டில் நடந்து வந்தார். பட்டறைக்கும் தோட்டத்துக்கும் வண்டி போய்ப்போய் வந்தது. "இவ்வளவு பெரிய வண்டி இப்படியா கெடும்? நீ ஒழுங்கா பாக்குறியா இல்லையா?" என்று துரை ஆபீஸ் முன்னால் வைத்துக் கேட்டுவிட்டார். காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒவ்வொரு போல்ட்டையும் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

அவருக்கு ஒரே முடிவுதான் தெரிந்தது. யாரோ கை வைக்கிறார்கள்.

முதலில் தௌக்கே. வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று பட்டறையில் ஒவ்வொரு ஒயரையும் பார்த்தார். "லு தா பெர்ச்சாயா சாமா வா கா?" என்று அவன் ஸ்பானரைக் கீழே எறிந்தான். என்னை நம்பவில்லையா என்று கேட்கிறான். "தா பெர்ச்சாயா" என்று இவரும் நேராகவே சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் பங்களாத் தோட்டக்காரன். அப்புறம் பந்து விளையாடுகிற, வேலைக்காரர் லயத்துப் பையன்கள். கடைசியாக யார் மிச்சம்? சின்னச் சின்ன வேலைகளுக்கு வண்டியில் கை வைப்பவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான்.

நான் அப்போது முதல் பிரசவத்துக்கு பண்டார் பாருவில் அம்மா வீட்டில் இருந்தேன். ஆற்றங்கரை வீடு. பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை வந்தார். பிள்ளையைக் கையில்கூட வாங்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்தார்.

"வேலை போச்சு" என்றார். "மாசக் கடைசிக்குள்ள வீட்ட காலி பண்ணணுமாம்."

தோட்டத்தின் மேட்டுப் பகுதியான மேல் டிவிஷனிலிருந்து துரையோடு வண்டி இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. ரப்பர் மரத்தில் போய் மோதி நின்றது. துரைக்கு நெற்றியில் தையல். பின்பக்க பிரேக் குழாய் அரித்துப்போய் வெடித்திருந்தது. அந்தக் குழாயை அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மாற்றிப் போட்டது என் வீட்டுக்காரர். புதுக் குழாயைத் திருடி வைத்துக்கொண்டு பழைய குழாயைப் போட்டுவிட்டார் என்று டிரைவர் அண்ணன் துரையிடம் சொல்லியிருக்கிறார். பாலிங் கல்யாணத்துக் கல்லைக் கண்டுபிடித்த மூக்கு சொன்னால் துரை நம்ப மாட்டாரா?

"புதுக் குழாய்தான் போட்டேன். மாதா மேல சத்தியமா" என்றார். இவர் பொய் சொன்னால் எனக்குத் தெரியும், காது மடல் சிவக்கும். அன்று சிவக்கவில்லை. பிட்டர் வேலை போனால் இன்னொரு தோட்டத்தில் தேடலாம். திருடன் என்று பேர் வாங்கினவனை எந்தத் தோட்டத்தில் சேர்ப்பார்கள்?

"பச்ச ஒடம்புக்காரி, எங்கடி போற?" என்று அம்மா கத்தக் கத்த, திங்கட்கிழமை பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இவர் அதற்கு முன்பே சாமான் கட்டப் போய்விட்டார். துரையின் சம்சாரம் காலில் விழுவது என்று நினைத்துக்கொண்டு போனேன். கரங்கான் தாண்டி தோட்டத்து முனையில் இறங்கி, கொளுத்துகிற வெயிலில் நடந்தேன். பின்னால் ஹாரன் சத்தம். அதே வண்டி. பிரேக்கைச் சரிபண்ணி, முன்பக்கத்து நசுங்கலைத் தட்டி எடுத்திருந்தார்கள்.

"ஏறு தங்கச்சி. புள்ளைக்கு வெயில் ஆவாது."

"உங்க வண்டிக்கு நாங்க ஏத்த ஆள் இல்ல" என்றேன். என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே தெரியாது. பிள்ளை வீறிட்டது. ஏறினேன். பின்சீட்டில், அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஏர்கோன் ஓடியது, கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது. பிள்ளை தும்மியது. மறுபடி தும்மியது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அழுகை என்று நினைத்தேன். இல்லை, மூக்கின் உச்சியில் ஏறுகிற புளிச்ச நாற்றம். எனக்குப் பின்னாலிருந்து, சாமான் வைக்கிற இடத்திலிருந்து வந்தது.

"அண்ணே, என்ன இப்படிப் புளிச்சு நாறுது?"

"ஒண்ணும் நாறலையே."

"நிறுத்துங்க. வந்து மோந்து பாருங்க."

நிறுத்தினார். பின்கதவைத் திறந்து குனிந்து மோந்தார். அந்த மூக்கு, நேற்றைய மீனைக் கண்டுபிடிக்கிற மூக்கு, அவ்வளவு கிட்டே வைத்தும், "எனக்குத் தெரியலையே" என்றது.

தெரியாதுதான். எங்களில் யாருக்குமே தெரியாது. ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட் அது. தொழிற்சாலையில், பெண்கள் கையில், தலைமுடியில், கட்டுகிற சேலையில், கோவில் பொங்கலில், பூசைக்குப் போட்டு வருகிற கவுனில் எல்லாவற்றிலும் அந்த நாற்றம்தான். பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருப்பவர்களுக்கு அது காற்று. நான் ரெண்டு மாதம் ஆற்றங்கரையில் மூச்சு விட்டுவிட்டு வந்தவள். என் பிள்ளை அந்தக் காற்றை முதல் தடவையாக இழுக்கிறது.

டிரைவர் அண்ணன் நிமிர்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"புருஷனக் காப்பாத்த நீயே ஆசிட்ட ஊத்துனியா?"

கேளுங்கள் இந்த அநியாயத்தை! கையில் பச்சைப் பிள்ளை, தோளில் ஒரு பை. அப்படியே பிள்ளையை அவர் கையில் திணித்தேன். பின்னால் கனமான ரப்பர் விரிப்பு ஒன்று போட்டிருந்தது. இழுத்து ரோட்டில் எறிந்தேன். அடியில் கம்பளம். பிடித்து இழுத்ததும் நனைந்த ரொட்டி மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. அதற்கும் கீழே தகடு முழுக்க வெள்ளைப் பொடி. போல்ட் தலைகள் கரைந்து போயிருந்தன. ஓர் ஓட்டை வழியாகச் செம்மண் ரோடு தெரிந்தது. பிரேக் குழாய் போகிற பக்கம் அதுதான். கம்பளத்தின் மேல் வட்ட வட்டமாகத் தழும்புகள், ஒன்றை ஒன்று ஒட்டி.

"ஜாடி" என்றார் அவர்.

மேல் டிவிஷனுக்குப் போகிற மரப்பாலம் மழையில் உட்கார்ந்துவிட்டது. லாரி போகாது, அந்த வண்டி ஒன்றுதான் ஓடையில் இறங்கி ஏறும். ஆசிட் போய்ச் சேராவிட்டால் அங்கே பெண்கள் எடுத்த பால் கெட்டுப்போய் அன்றைய கூலி போச்சு. கங்காணி கெஞ்சியிருக்கிறார். அதனால் துரை எழுந்திருக்கும் முன்னால், விடியற்காலையில், டிரைவர் அண்ணன் ஆசிட் ஜாடிகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார். காசு வாங்கியதில்லை. ஊருக்கே தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜாடிக்கு மூடி இருக்கிறதே என்று எல்லாருமே இருந்துவிட்டோம். மேடு பள்ளத்தில் குலுங்கி மூடியோரம் கசிந்ததை, சாயங்காலம் இவர் ஓஸ் பிடித்துக் கம்பளத்துக்குள்ளும் தகட்டு இடுக்குக்குள்ளும் இறக்கி விட்டிருக்கிறார். எவ்வளவுக்கு எவ்வளவு கழுவினாரோ அவ்வளவுக்கு அவ்வளவு அது பரவியிருக்கிறது.

பிள்ளையை என்னிடம் கொடுத்தார். வண்டியைத் திருப்பி நேரே துரை பங்களாவுக்கு விட்டார். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருக்க, படியேறிப் போய்ப் பேசினார். துரை நெற்றிக் கட்டோடு இறங்கி வந்து பின்பக்கத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்கு அன்று சாயங்காலமே வேலை திரும்பக் கிடைத்தது. டிரைவர் அண்ணனுக்குப் போய்விட்டது. அவர் வீட்டையும் காலி பண்ணணும் என்று ஆயிற்று.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னவில்லை. "பாவம்டி. ஊருக்கு நல்லது பண்ணப் போய்..." என்று புலம்பினார். நானும் பாவம் என்றுதான் சொன்னேன். அப்புறம் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அந்த ரப்பர் விரிப்ப எப்பங்க போட்டாரு?"

யோசித்தார். "வண்டி மோதுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. கம்பளம் அழுக்காவுதுன்னு சொன்னாரு."

முன்னாடி! அப்படியென்றால் விரிப்பைப் போடும்போது கம்பளத்தைப் பார்த்திருக்க வேண்டுமே? கையோடு பிய்ந்து வருகிற கம்பளத்தைப் பார்த்துவிட்டு, மேலே ஒன்றை விரித்து மூடிவிட்டு, பிரேக் வெடித்ததும் பிட்டர் பெயரைச் சொன்னாரா? இல்லை, உண்மையிலேயே பார்க்காமல் போட்டாரா? தினம் சொட்டு சொட்டாக எண்ணெயைப் படிக்கிறவர், காலடியில் இருந்ததைப் பார்க்கவில்லையா? நான் புளிச்சு நாறுது என்றுதானே சொன்னேன், ஆசிட் என்று அவர்தானே சொன்னார்? தோட்டத்து ஆளுக்குப் புளிப்பு என்றால் ஆசிட்தான் நினைவுக்கு வரும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். வரும்தான். பங்களாவுக்கு நேரே ஓட்டிப்போனது மனசாட்சியா, நான் சொல்வதற்கு முன்னால் முந்திக்கொண்டதா? எனக்குப் பதில் கிடைக்கவில்லை. இன்று வரைக்கும் கிடைக்கவில்லை.

அவர்கள் போன அன்று லாரி வாசலில் நின்றது. அக்கா முன்னால் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர்களுடைய மகள்கள் இரண்டு பேரும் பின்னால் சாமான்களுக்கு நடுவே. டிரைவர் அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார்.

"பிட்டர், உன் பேர கெடுத்துட்டேன். மன்னிச்சிரு" என்றார்.

"விடுங்கண்ணே. தெரியாமதானே" என்றார் இவர்.

டிரைவர் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, அந்த விரிப்ப நான் மறைக்கிறதுக்குப் போடல. சத்தியமா கீழ பாக்கல. நீ நம்புறியா?"

"நம்புறோம்ணே, நாங்க ரெண்டு பேருமே" என்று என் வீட்டுக்காரர் அவசரமாகச் சொன்னார்.

"ஒன்ன கேக்கல பிட்டர். தங்கச்சிய கேக்குறேன்."

நம்புகிறேன் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் காசா பணமா? அந்த மனிதர் கண்ணைப் பார்த்தேன். தையல் மிஷின்காரனை விரட்டியவர். என் புருஷனைத் திருடன் என்றவர். பிள்ளை இடுப்பில் சிணுங்கியது.

"லாரி நிக்குதுண்ணே" என்றேன். "அக்காவுக்கு வெயில் தாங்காது."

அவர் முகத்தில் கோபமில்லை. தலையை மெதுவாக ஆட்டினார்.

"நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் லாரியில் ஏறிக்கொண்டார்.